மாதம் 1,500 டாலர் டைப்பிங் வேலை: அந்தக் காசு எங்கிருந்து வருகிறது?

தாம்வே ரவி

எல்லாருக்கும் வணக்கம். என் சித்தப்பா பையனுக்கு 22 வயது. இங்கிலீஷ் நன்றாக வரும், தமிழ், இந்தி, பர்மியம் மூன்றும் பேசுவான், இப்போது ரங்கூனில் ஒரு மொபைல் கடையில் நிற்கிறான். டெலிகிராமில் ஒரு ஏஜெண்ட் அவனைப் பிடித்துவைத்துக்கொண்டு, தாய்லாந்து எல்லையில் மியாவடி பக்கம் டைப்பிங் வேலை, கஸ்டமர் சர்வீஸ், மாதம் 1,500 டாலர், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று தினமும் ஆசை காட்டுகிறான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேர்க்கை வந்ததிலிருந்து சித்தப்பா வீட்டில் பையன் எங்கே போனாலும் சரி, இங்கே இல்லாமல் இருந்தால் போதும் என்கிற நிலைமை. அது உங்களுக்கெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அது ஜாபியான் (ஆன்லைன் மோசடி) வேலைதான் என்று எனக்கும் தெரியும், போகாதே என்றுதான் சொல்லப்போகிறேன், அதனால் அறிவுரை வேண்டாம். என் கேள்வி வேறு. பையன் என்னிடம் கேட்கிறான்: "ஏமாற்றுக் கம்பெனி என்றால் எதற்கு அண்ணா அஞ்சு மாடிக் கட்டடம், ஜெனரேட்டர், ஆயிரம் பேருக்குச் சோறு? இவ்வளவு செலவு பண்ணுகிறவனுக்கு அதைவிடப் பெரிய வருமானம் எங்கிருந்து வரும்? மெசேஜ் அனுப்பினால் எல்லாருமா ஏமாந்துவிடுவார்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. போதை மாத்திரை விற்கிறார்கள், மரம் கடத்துகிறார்கள் என்றால் புரிகிறது, ஒரு பொருள் கை மாறுகிறது. இதில் என்ன கை மாறுகிறது? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். இவன் பயமுறுத்தினால் மசிய மாட்டான், கணக்குச் சொன்னால் கேட்பான்.


மோல்மின் சரக்கு

ரவி தம்பி, நான் தாய்லாந்து மேசொட்டிலிருந்து நம் பக்கம் மோல்மினுக்குச் சரக்கு இறக்கினவன். குழந்தைகள் டயப்பர், சோப்புத்தூள், மோட்டார்சைக்கிள் டியூப், இந்த மாதிரி. அந்த ரோட்டில் லாரி விட்டவனுக்கு உன் தம்பி கேட்கிற கேள்வி ஒன்றும் புதிரில்லை.

மியாவடியைத் தாண்டி வந்தால் கேட் கேட்டாக இருக்கும். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் தகரக் கொட்டகை, உள்ளே பில் புக்கோடு ஒரு பையன். ஒரு ஆயுதப் படைக்கு மஞ்சள் ரசீது, இன்னொரு படைக்குப் பச்சை. முத்திரை எல்லாம் சுத்தமாகக் குத்தித் தருவார்கள். டிரைவர் அத்தனை ரசீதையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்து இறங்கினதும் என் கையில் கொடுப்பான், நான் அதைச் சரக்கு விலையில் ஏற்றுவேன். கடைசியில் அந்தக் காசை மோல்மினில் டயப்பர் வாங்குகிற அம்மாதான் கட்டுகிறாள். என் சரக்கு விற்றதா, மழையில் நனைந்து போனதா என்று கேட்காரனுக்குக் கவலையே கிடையாது. அவனுக்கு லாரி கடந்தால் காசு.

இப்போது அதே ஆட்களிடம் ரோட்டுக்குப் பதில் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள். தாய்லாந்து எல்லையில், மோய் ஆற்றங்கரையில், போலீஸ் நுழைய முடியாத நிலம். ஷ்வே கொக்கோ, கேகே பார்க் என்கிற மோசடிக் காம்பவுண்டுகள் எல்லாம் அப்படி வந்தவைதான். எல்லைக் காவல் படையாக இருந்து 2024இல் கரென் தேசியப் படை என்று பெயர் மாற்றிக்கொண்ட சா சிட் து ஆட்கள் மீது அமெரிக்க நிதித்துறை 2025 மே மாதம் தடை போட்டது, அப்போது அவர்கள் சொன்ன காரணத்தை உன் தம்பிக்குப் படித்துக் காட்டு. நிலத்தை மோசடிக் கும்பல்களுக்குக் குத்தகைக்கு விடுவது, கரண்ட் விற்பது, காவல் கொடுப்பது, ஆள் கடத்தலுக்குத் துணை போவது. அதாவது படைக்காரன் யாருக்கும் ஒரு மெசேஜ்கூட அனுப்ப வேண்டாம். அஞ்சு மாடியில் மாடிக்கு ஒரு கும்பல் வாடகைக்கு இருக்கும், ஒருத்தன் நஷ்டப்பட்டுக் காலி செய்தால் அடுத்தவன் வருவான். கட்டடம் பெரிதாக இருக்கிறதே, அப்போ கம்பெனி பெரியது என்று உன் தம்பி நினைக்கிறான். கட்டடம் ஒருத்தனுடையது, மோசடி இன்னொருத்தனுடையது, உள்ளே இருக்கிற மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் சிம் கார்டும் மூன்றாமவனுடையது, அங்கே தண்ணீர் பாட்டில்கூட வெளி விலையில் கிடைக்காது. சம்பளம் என்று எதையாவது கையில் கொடுத்தாலும் அது அந்தச் சுவருக்குள்ளேயே திரும்பி வந்துவிடும்.

2025 பிப்ரவரி 5ஆம் தேதி தாய்லாந்து கரண்ட், டீசல், இன்டர்நெட் மூன்றையும் நிறுத்தியது ஞாபகம் இருக்கும். எல்லாரும் முடிந்தது கதை என்றார்கள். என்ன ஆனது? ஜெனரேட்டர் வந்தது, கூரை முழுக்க ஸ்டார்லிங்க் தட்டு வந்தது, டீசல் கடத்துவது ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. அக்டோபரில் ராணுவம் கேகே பார்க்கில் புகுந்தபோது 2,500க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்க் கருவிகளை முடக்கினோம் என்று ஸ்பேஸ்எக்ஸே அறிவித்தது. ஆற்றைத் தாண்டி 1,500 பேருக்கு மேல் மேசொட்டுக்கு ஓடினார்கள். ஓடினவர்கள் வேலை செய்தவர்கள். நிலத்துக்காரன் எங்கேயும் ஓடவில்லை.

எல்லாருமா ஏமாறுவார்கள் என்று கேட்டானே, எல்லாரும் ஏமாற வேண்டாம் தம்பி. ஒரு அறையில் 20 பேர் என்று வை. மாதம் முழுக்க ஆயிரக்கணக்கான நம்பருக்கு 'ஹாய்' அனுப்புகிறார்கள், நூற்றுக்கு 99 பேர் பதிலே போடவில்லை, ஒருத்தர் போட்டார், அப்படிப் பதில் போட்டவர்களிலும் முக்கால்வாசி பாதியிலேயே கழன்றுகொண்டார்கள். கடைசியில் எங்கோ அமெரிக்காவில் பென்ஷன் வாங்குகிற ஒரே ஒரு கிழவரிடம் 1,00,000 டாலர் கறந்தாகிவிட்டது. 20 பேருக்கும் சொன்னபடி 1,500 கொடுத்தாலும் 30,000தான். மீதி 70,000. அதுவும் கொடுத்தால்தானே.


திங்கான்ஜூன் கணக்கர்

மேலே சொன்னவர் சரியாகத்தான் சொல்கிறார், வாடகைதான் பெரிய தொழில். ஆனால் எல்லாரும் இப்போது ஜாபியான் ஜாபியான் என்று பேசிக்கொண்டு பழைய வியாபாரத்தை மறந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், கணக்கெழுதிப் பிழைத்தவன், அதனால் கொஞ்சம் எண்களாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023இல் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் ஆன்லைன் மோசடியில் மக்கள் இழந்தது 1,800 கோடியிலிருந்து 3,700 கோடி டாலர் வரை இருக்கும் என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்ற அலுவலகம் மதிப்பிட்டது. அதே அலுவலகம் 2019இல் இந்தப் பிராந்தியத்தில் மெத் (மெத்தாம்பெட்டமின் என்கிற போதைப்பொருள்) வியாபாரம் மட்டும் வருடத்துக்கு 3,000 கோடியிலிருந்து 6,100 கோடி டாலர் வரை என்று சொல்லியிருந்தது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது, மெத் கணக்கு தெருவில் விற்கிற கடைசி விலையில் போட்டது, அதில் பெரும்பகுதி ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் சில்லறை விற்கிறவர்களிடமே நின்றுவிடும், ஷான் மலைக்கு வந்து சேராது. இருந்தாலும் அளவு புரிகிறதல்லவா? 2024இல் இந்தப் பிராந்தியத்தில் பிடிபட்ட மெத் மட்டும் 236 டன். பிடிபட்டதே அவ்வளவு என்றால் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பிடித்தும் மாத்திரை விலை ஏறவில்லை, அதாவது 236 டன் போனது முதலாளிக்கு வலிக்கவே இல்லை.

ஏன் வலிக்கவில்லை என்பதில்தான் தம்பி கேட்ட விஷயம் இருக்கிறது. அபினுக்கு மலை வேண்டும், மழை வேண்டும், கீற ஆள் வேண்டும். 2022இல் தாலிபான் தடை போட்டதால் ஆப்கானிஸ்தானில் விளைச்சல் விழுந்து, 2023இல் பர்மா 1,080 டன்னோடு உலகத்திலேயே முதல் இடத்துக்கு வந்தது. அந்த வருடம் விவசாயிக்குக் கிடைத்தது சராசரியாகக் கிலோவுக்கு 355 டாலர். அது ஹெராயினாகிக் கடல் தாண்டும்போது விலை எத்தனையோ மடங்கு, அந்த மடங்கெல்லாம் வழியில் இருக்கிறவனுக்கு. மெத்துக்கு விவசாயியே தேவையில்லை. ரசாயனம் சீனா பக்கமிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வருகிறது, பருவம் கிடையாது, லாப் ஒன்று எரிந்தால் அடுத்த மலையில் இன்னொன்று. தயாரிப்புச் செலவு ஒன்றுமே இல்லாத பொருளில் பத்துக்கு ஒன்பது பிடிபட்டாலும் லாபம்தான். உங்கள் டெலிகிராம் ஏஜெண்டும் அதே கணக்கில்தான் நூறு பையன்களுக்கு மெசேஜ் போடுகிறான், மெசேஜுக்குக் காசா பணமா?

சரி, சம்பாதித்தாகிவிட்டது, அடுத்து என்ன? பணத்தைச் செலவழிக்கிற மாதிரி ஆக்க வேண்டும், இந்தத் தொழிலில் பாதித் தலைவலி அங்கேதான். நம் ஊரில் அதற்குப் பழைய வழி கட்டடமும் கம்பெனியும். லோ சிங் ஹான் ஒரு காலத்தில் ஹெராயின் ராஜா என்று பெயர் எடுத்தவர், அரசாங்கத்தோடு சமாதானமாகி 1992இல் ஏசியா வேர்ல்ட் கம்பெனி ஆரம்பித்தார், துறைமுகம், ரோடு என்று எல்லாம் கட்டினார்கள். 2008இல் அமெரிக்கா அவர் மேலும் மகன் மேலும் தடை போட்டது. குன் சா 1996 ஜனவரியில் சரணடைந்து ரங்கூனில் வசதியாகவே வாழ்ந்து 2007இல் இறந்தார், சரணடைந்த பிறகு ஒரு நாள் ஜெயிலில் இல்லை. அந்தக் காலத்து வழி அது, மெதுவாக நடக்கும்.

இப்போது வேகமான வழி கிரிப்டோவும் உண்டியலும் (வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்புவது). உண்டியல் என்றதும் நம் ஆட்களுக்குக் கோபம் வரும், ஏனென்றால் நாமெல்லாரும்தானே அதில் பணம் வாங்குகிறோம். அதைத்தான் சொல்ல வருகிறேன். 2022 ஆகஸ்டிலிருந்து மத்திய வங்கி விலை டாலருக்கு 2,100 கியாட். வெளியில் 2024இல் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. 2023 செப்டம்பரில் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் சம்பளத்தில் 25 சதவீதம் வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பாங்காக்கில் கொத்தனார் வேலை செய்கிற பையன், குறைந்த விலைக்குத் தன் உழைப்பைக் கொடுக்க எதற்கு வங்கிக்குப் போவான்? உண்டியல்காரனிடம் தாய்லாந்து பாட் கொடுப்பான், ரங்கூனில் அம்மா போனுக்குக் கியாட் வந்துவிடும். இப்போது பாருங்கள், பாங்காக்கில் உண்டியல்காரன் கையில் பாட் சேர்ந்துகொண்டே இருக்கிறது, இங்கே அவனுக்குக் கியாட் வேண்டும். எல்லைப் பக்கம் ஒருத்தன் கையில் கியாட் மூட்டையாக இருக்கிறது, அவனுக்கு வெளியில் பாட்டோ டாலரோ வேண்டும். எந்தப் பணமும் எல்லையைத் தாண்டவில்லை, இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. கொத்தனாரின் நல்ல காசும் மாத்திரைக்காரன் காசும் ஒரே பானைக்குள் விழுந்த பிறகு யார் பிரித்து எடுப்பது? உண்டியல்காரர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த பலர் நாணயமானவர்கள், எதிர்ப் பக்கத்தில் யார் என்று அவர்களுக்கே தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவும் மாட்டார்கள்.

பெரிய தொகைக்கு வேறு கடை. கம்போடியாவின் ஹுயோன் குழுமத்தின் வழியாக 2021 ஆகஸ்டிலிருந்து 2025 ஜனவரி வரை குறைந்தது 400 கோடி டாலர் கறுப்புப் பணம் போயிருக்கிறது என்று அமெரிக்க நிதித்துறை சொன்னது. அப்புறம் 2025 அக்டோபரில் அதே கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் சென் ஷி மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டு 1,27,271 பிட்காயினைப் பிடித்தார்களே, அப்போதைய விலைக்கு அது சுமார் 1,500 கோடி டாலர். அத்தனையும் செலவழிக்காமல் சும்மா கிடந்த காசு. நம் தம்பிக்கு 1,500 டாலர் மாதச் சம்பளம் பெரிதாகத் தெரிகிறது, அங்கே அது சில்லறைகூட இல்லை.


வாணி, 29ஆம் தெரு

கணக்கர் ஐயா மலையையும் பிட்காயினையும் பற்றிப் பேசுகிறார், நம்ம தெருவிலேயே நடப்பதை யாரும் சொல்லவில்லையே. 2டி (இரண்டு இலக்க நம்பர் சூதாட்டம்) எழுதாத வீடு எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்? பெருமாள் கோயிலுக்கு வருகிற மாமிகூடக் கனவில் பாம்பு வந்தது, என்ன நம்பர் போடலாம் என்று கேட்கிறாள்.

எங்கள் வீட்டு எதிரில் வெற்றிலைக் கடை வைத்திருக்கிற அக்கா எழுதுவார். முன்பெல்லாம் சின்ன நோட்டில் கார்பன் வைத்து எழுதிக் கிழித்துக் கொடுப்பார், இப்போது வைபரில் மெசேஜ் போட்டால் போதும், அவர் 'சரி' என்று ஒரு கட்டைவிரல் போடுவார், அதுதான் ரசீது. மதியம் 12:01க்கு ஒரு தடவை, சாயங்காலம் 4:30க்கு ஒரு தடவை, பாங்காக் பங்குச் சந்தை எண்ணிலிருந்து இரண்டு இலக்கம் எடுத்துக்கொள்வார்கள். 11:45லிருந்து அந்த அக்காவின் போன் அலறிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்பு தடவின கையோடு டைப் அடிப்பார், 12 மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பட்டியலை மேலே டைங்குக்கு (ஆட்டத்தை நடத்துகிற முதலாளிக்கு) அனுப்பிவிடுவார். பாங்காக்கில் பங்கு வாங்குகிறவனுக்கு ரங்கூனில் இத்தனை பேர் அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியாது.

ரவி அண்ணா, உங்கள் தம்பிக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், சுலபமாகப் புரியும். 00லிருந்து 99 வரை 100 நம்பர். எங்கள் பக்கம் அடித்தால் 80 மடங்கு. நூறு நம்பருக்கும் நூறு நூறு கியாட் போட்டால் 10,000 போட்டு 8,000 வாங்குவீர்கள். அந்த 2,000இல் எழுதுகிற அக்காவுக்குக் கமிஷன் போய் மிச்சம் டைங்குக்கு. அவன் எந்த நம்பரையும் திருத்த வேண்டியதில்லை, பித்தலாட்டம் பண்ண வேண்டியதில்லை, நாணயமாக நடந்தாலே ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை காசு. எல்லாரும் ஒரே நம்பரில் விழுந்தால் மட்டும் ஆபத்து, அதற்கும் வழி இருக்கிறது, அந்த நம்பரை மூடிவிடுவான் அல்லது தனக்கு மேலே இருக்கிற பெரிய டைங்கிடம் தள்ளிவிடுவான். 3டி இன்னும் மோசம், ஆயிரம் நம்பர், 500 மடங்கு சுமார், மாதம் இரண்டு தடவை தாய் லாட்டரிக்கு. பாதிக்குப் பாதி அவனுக்கு.

ஆனால் நான் பார்த்தவரை பெரிய காசு இதில் இல்லை, கடனில் இருக்கிறது. இன்று காசில்லை, நாளைக்குத் தருகிறேன் என்று எழுதிக்கொண்டே போவார்கள், டைங்கின் ஆள் வாரத்துக்கு வட்டி போடுவான், அப்புறம் நகை, அப்புறம் வீட்டுப் பத்திரம். கோர்ட்டுக்குப் போக முடியாது, சட்டவிரோதமான ஆட்டத்துக்கு எந்தக் கோர்ட் நியாயம் சொல்லும்? அதனால் வசூல் பண்ணத் தடியன்கள் வேண்டும், தடியன்களுக்குப் போலீஸோடு ஒரு ஏற்பாடு வேண்டும், அந்த ஏற்பாட்டுக்கு மாதாமாதம் கவர் போக வேண்டும். இப்படித்தான் ஒரு வெற்றிலைக் கடை மூலம் இது பெரிய ஆட்கள் விஷயமாக ஆகிறது. அந்த அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன், கரண்ட் இல்லாத ஊரில் வெற்றிலை விற்று அவர் எப்படி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பார்?


மேசொட் மெஸ்

வணக்கம் ரவி. நான் இந்தப் பக்கம் மேசொட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். இதில் எந்தப் பொருள் கை மாறுகிறது என்று கேட்டீர்களே, உங்கள் தம்பிதான் அந்தப் பொருள். இதை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2022இல் தமிழ்நாட்டுப் பையன்கள் மியாவடியில் மாட்டிக்கொண்டது நியூஸில் வந்தது, அக்டோபரில் 13 பேர் சென்னைக்குத் திரும்பினார்கள். எல்லாம் பாங்காக்கில் ஐடி வேலை, டேட்டா என்ட்ரி என்று துபாயிலும் ஊரிலும் இருந்த ஏஜெண்ட்களை நம்பி வந்தவர்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை இரண்டு விமானங்களில் 500க்கும் மேற்பட்டவர்களை இங்கிருந்துதான் ஏற்றிப்போனது. அந்தச் சமயத்தில் கடைக்கு வந்தவர்களிடம் பேசியிருக்கிறேன். ஒருத்தன் ரசம் சாதத்தை வைத்துக்கொண்டு சாப்பிடாமல், உள்ளே தனக்கு என்னென்ன அபராதம் போட்டார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். கழிவறைக்குப் போய் லேட்டாக வந்தால் ஒன்று, வாடிக்கையாளர் பதில் போடாமல் விட்டால் ஒன்று, வேலை நேரத்தில் தூங்கினால் ஒன்று. மாதக் கடைசியில் கையில் வந்ததைக் கேட்டால் சிரித்தான்.

கணக்கு இப்படி. ஏஜெண்ட் ஒரு ஆளைக் கொண்டுவந்து விட்டால் அவனுக்குக் காசு. அந்தக் காசு உங்கள் தம்பியின் கணக்கில் கடனாக ஏறும், விமான டிக்கெட், சாப்பாடு, படுக்கை எல்லாம் கூடவே ஏறும். வேலை வரவில்லையா, வேறு காம்பவுண்டுக்கு விற்றுவிடுவான், அப்போது வாங்கினவன் கொடுத்த விலையும் கடனில் சேரும். வீட்டுக்குப் போகிறேன் என்றால் 'ஒப்பந்தத்தை மீறுகிறாய், இவ்வளவு கட்டு' என்று வீட்டுக்கு வீடியோ கால் போட வைப்பான். ஆயிரக்கணக்கான டாலர் கட்டி மீட்டவர்களை எனக்கே தெரியும். ஆக ஒரே ஆளை வைத்து, அவன் ஏமாற்றிக் கொண்டுவருகிற காசு, அவனை விற்ற காசு, அவனை விடுவிக்க வீடு கட்டுகிற காசு, இத்தனை வழி. அவன் ஒருத்தரைக்கூட ஏமாற்றத் தெரியாத அப்பாவியாக இருந்தாலும் கம்பெனிக்கு நஷ்டமில்லை. 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பர்மாவில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிக் கட்டாயத்தில் இருக்கலாம் என்று சொன்னது.

இன்னொன்று. அந்த டெலிகிராம் ஏஜெண்ட் எங்கோ ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிற பெரிய புள்ளி என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கிறவனிடமே 'உனக்குப் பதில் இரண்டு பேரைக் கொண்டுவா, உன்னை விடுகிறேன்' என்று சொல்வது வழக்கம். உங்கள் தம்பியிடம் இவ்வளவு பொறுமையாகத் தினமும் பேசுகிறவன் அப்படி ஒருத்தனாகவும் இருக்கலாம்.


திங்கான்ஜூன் கணக்கர்

மெஸ்காரர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், சீன எல்லையில் லவுக்காயில் மோசடிக் காம்பவுண்டு நடத்தின மிங் குடும்பத்து வழக்கைப் பாருங்கள். 2023 அக்டோபர் 27இல் ஆயுதக் குழுக்கள் ஆரம்பித்த தாக்குதலில் அவர்கள் கோட்டை சரிந்தது, சீனா பிடித்துக்கொண்டு போனது, 2025 செப்டம்பரில் 11 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2015இலிருந்து சூதாட்டத்திலும் மோசடியிலும் 1,000 கோடி யுவானுக்கு மேல் புழங்கியதாகக் கோர்ட்டில் வந்தது. அவர்கள் ஊரில் படையும் அவர்களுடையது, காசினோவும் அவர்களுடையது. மோல்மின்காரர் சொன்ன நிலத்துக்காரனும் வாடகைக்காரனும் அங்கே ஒரே குடும்பம். அதனால்தான் ஒட்டுமொத்தமாக மாட்டினார்கள் என்பது என் அபிப்பிராயம். மியாவடியில் பிரித்து வைத்திருப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.


தாம்வே ரவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முழுக்கப் பையனிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 2டி கணக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் அவனும் போடுகிறான் போலிருக்கிறது, அதை அப்புறம் விசாரிக்கிறேன். 'நீதான் பொருள்' என்கிற இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ஆனால் இன்று காலை ஏஜெண்ட் புது மெசேஜ் போட்டிருக்கிறான், மியாவடி இப்போது பிரச்சினை, லாவோஸில் தங்க முக்கோணப் பொருளாதார மண்டலத்தில் அதே வேலை, அது அரசாங்க அனுமதியுள்ள இடம் என்று. அது உண்மையா?


மோல்மின் சரக்கு

அனுமதி உள்ள இடம்தான் தம்பி, அதனால் என்ன? அந்த மண்டலத்தை நடத்துகிற சீனாக்காரர் சாவ் வெய் மேல் போதைப்பொருள், ஆள் கடத்தல், பணச் சலவை என்று சொல்லி அமெரிக்கா 2018 ஜனவரியிலேயே தடை போட்டுவிட்டது. அங்கேயிருந்தும் இந்தியத் தூதரகம் வண்டி வண்டியாகப் பையன்களை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இடம்தான் வேறு.

2024 மே மாதத்திலிருந்து ஆண்களுக்கு வெளிநாட்டு வேலை அனுமதி நிறுத்தியதால் நேர் வழி கஷ்டம் என்பது எனக்குத் தெரியும், அதுவும் இந்த ஏஜெண்ட்களுக்குக் கிடைத்த இன்னொரு வருமானம், கதவை மூடினால் ஜன்னலுக்குக் கட்டணம் ஏறும். ஆற்றைத் தாண்டிவிட இன்றைக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பது மெஸ்காரருக்குத் தெரிந்திருக்கும், அதை இங்கே எழுத வேண்டாம். ஏஜெண்டின் நம்பரையும் இங்கே போடாதே, எனக்குத் தனியாக அனுப்பு. மோல்மினில் இரண்டு வீட்டில் இதே மாதிரி ஒருத்தன் பேசிக்கொண்டிருக்கிறான், அதே ஆள்தானா என்று ஒத்துப் பார்க்கிறேன்.


மேசொட் மெஸ்

பையனின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது ரவி? 'விசா போட' என்று போட்டோவோ காப்பியோ ஏற்கனவே அனுப்பியிருந்தால் இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள். அப்படி அனுப்பியிருந்தால் அடுத்து 'டிக்கெட் போட்டாச்சு, வரவில்லையென்றால் காசைக் கட்டு' என்று மிரட்டல் வரும். எவ்வளவு கேட்டாலும் ஒரு பைசா கொடுக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள், ஆனால் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.